ஓட்டக்காரர்களின் உரச் சாக்கு

மாயனூர் தாண்டிக் குளித்தலைப் பக்கம் வரும்போது காவிரி அகண்டு கிடக்கும். வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணை ஜனவரி 28-ல் மூடப்பட்டதும், குடிநீருக்கு விடும் தண்ணீர் மட்டும் ஒரு ஓரமாக ஓடும். மிச்சமெல்லாம் மணலும் நாணலும்தான். கரைக்கும் மணலுக்கும் நடுவில், வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் மேல் அருகும் கோரையும் படர்ந்து கிடக்கும் இடத்தைப் படுகை என்பார்கள். மாசி, பங்குனி வரைக்கும் அங்கே பச்சை நிற்கும். வெளியே வைக்கோல் விலை ஏறுகிற மாதங்கள் அவை. சென்ட் நிலம் இல்லாதவர்கள்கூட இரண்டு மாடு, பத்து ஆடு வைத்துப் பிழைப்பது இந்தப் புல்லை நம்பித்தான்.

இந்தப் படுகையில் இப்போது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இருபது பேர் ஓடுகிறார்கள். கையில் உரச் சாக்கு.

ஓடுகிறவர்களில் பாதிப் பேர் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் எழுத்துத் தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரோட்டில் ஓடலாம் என்றால் அதிகாலையிலேயே லாரி. பள்ளி மைதானம் பூட்டியிருக்கும். படுகையில் ஓடினால் கெண்டைக்காலுக்கு நல்ல பலம் என்று முந்தைய வருடம் வேலைக்குப் போன ஒரு அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். அதுதான் ஆரம்பம். பிறகு சர்க்கரை வந்ததால் நடக்கச் சொல்லப்பட்ட ஒரு ஆசிரியர், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், பேக்கரி வைத்திருப்பவர் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். பெண் பிள்ளைகள் நாலு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு 400 மீட்டர்.

ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவதற்கு ‘ப்ளாகிங்’ என்று ஒரு பெயர் உண்டு. 2016-ல் ஸ்வீடன் நாட்டில், ஸ்டாக்ஹோம் நகரத்தில் கிளம்பிய பழக்கம். பொறுக்குவதற்கும் மெல்ல ஓடுவதற்கும் அவர்கள் மொழியில் உள்ள இரண்டு சொற்களை ஒட்டிச் செய்த பெயர். 2019 அக்டோபரில் பிரதமர் மாமல்லபுரம் கடற்கரையில் குப்பை பொறுக்கியபோது இந்தச் சொல் இங்கேயும் செய்தித்தாள்களில் அடிபட்டது. படுகைப் பையன்கள் அதையெல்லாம் பார்த்துத் தொடங்கவில்லை. ஒரு பையனின் குதிகாலில் பீர் பாட்டில் சில்லு ஏறி, ஐந்து தையல் போட்டு, அந்த வருடத் தேர்வே அவனுக்குப் போய்விட்டது. மறுவாரம் ஆசிரியர் இரண்டு சாக்கோடு வந்து நின்றார். ஓடுகிற தடத்தை மட்டுமாவது சுத்தம் பண்ணிவிடுவோம் என்பதுதான் அன்றைய எண்ணம்.

தடத்தோடு நிற்கவில்லை. போகும்போது மூன்று கிலோமீட்டர் வெறுங்கையோடு ஓடுவது, திரும்பும்போது பொறுக்கிக்கொண்டு வருவது என்று முறை வைத்துக்கொண்டார்கள். குனிந்து குனிந்து எழுவது தொடைக்கு நல்ல பயிற்சி என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். அது உண்மையும்கூட.

படுகைக்காரர்களுக்கு முதலில் சந்தேகம்தான். காலையில் வெள்ளை பனியன் போட்ட கூட்டம் புறம்போக்கில் சாக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் யாருக்கும் வரும். அளந்துகொண்டு போக வந்தவர்களா, மணலுக்கு வேவு பார்க்க வந்தவர்களா, தேர்தல் வருகிறதா என்று டீக்கடையில் பேச்சு. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர் நேராகவே கேட்டார்: “போட்டோ எடுத்துக்கிட்டு ரெண்டு வாரத்துல போயிருவீங்களா, இல்ல நிப்பீங்களா?” கேட்டதில் தப்பில்லை. அப்படி வந்து போனவர்களை அந்த ஊர் பார்த்திருக்கிறது.

சாக்கில் என்ன விழுந்தது என்பதுதான் இங்கே முக்கியமான கதை. தைப்பூசத்துக்கு எட்டு ஊர்ச் சுவாமிகள் குளித்தலை கடம்பந்துறையில் வந்து கூடும் காலத்திலும், ஆடிப் பெருக்கிலும் சேரும் குப்பை எல்லோரும் எதிர்பார்த்ததே. பாக்குத்தட்டு மட்கிவிடும். அதன் மேல் சுற்றியிருந்த பாலித்தீன் மட்காது. குடிக்க வருகிறவர்கள் போடும் தண்ணீர் பாக்கெட், டம்ளர், ஊறுகாய் உறை அடுத்தது. மதுக்கடையில் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்கும் பரவியது. அந்தப் பத்து ரூபாய் வந்த பிறகு படுகையில் முழு பாட்டில் கிடைப்பது அபூர்வமாகிவிட்டது. உடைந்ததற்குத்தான் விலை இல்லை. அது மணலில் கிடக்கிறது.

ஆனால் நாலைந்து வாரம் கழித்துச் சாக்குகளைக் கரையில் கொட்டிப் பிரித்தபோது ஆசிரியர் கவனித்தது வேறு. ஏறக்குறைய பாதி, ஊருக்குள்ளிருந்து வந்ததே இல்லை. வாழைக்கு முட்டுக் கொடுத்துக் கட்டிய நைலான் கயிறு, நாற்று வந்த குழித்தட்டின் உடைந்த மூலைகள், கிழிந்த உரச் சாக்கு, சொட்டுநீர்க் குழாய்த் துண்டு, வெள்ளிப் பக்கமும் கறுப்புப் பக்கமுமாய்க் கந்தலான மூடாக்கு ஷீட், பூச்சி மருந்து டப்பா. அதாவது வயலிலிருந்து வந்தது. கரைக்கு மேலே வரப்பில் போட்டதைக் காற்று கீழே தள்ளும். வாய்க்காலில் போட்டதை மழைத் தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கும். வெள்ளம் வந்து வடிந்த பிறகு பார்த்தால், கருவேல மரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரே மட்டமாகக் கயிறும் கவருமாய்த் தொங்கும். அந்த வருடம் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

இதை ஊருக்குள் சொல்ல ஆசிரியருக்குத் தயக்கம். ஓட வந்தவர்கள் விவசாயிகளைக் குறை சொல்கிறார்கள் என்று ஆகிவிடும். அதனால் கொஞ்ச நாள் பேசாமல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பேச வைத்தது மருந்து டப்பா. பையன்களில் ஒருவன், பழைய இரும்புக் கடையில் போட்டால் காசு வரும் என்று, நாலைந்து டப்பாக்களைத் தனியாக எடுத்து ஆற்றோரத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். கையில் உறை இல்லை. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா கத்திய கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “டேய் தம்பி, அத ஏண்டா ஆத்துல கழுவுற? எம்மாடு கீழ தண்ணி குடிக்குதுடா!” ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைத் தெரியும். சிவப்பு என்றால் தொடக்கூடாது. மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் அதற்கும் கீழே, பச்சை ஓரளவுக்கு லேசு. கூலி வேலைக்கு மருந்தடிக்கப் போன மகனிடம் கற்றுக்கொண்டதாம்.

அடுத்த வாரம் மருந்துக் கடைக்காரர் ஒருவரே வந்து விளக்கினார். மருந்தை டேங்கில் ஊற்றியதும், காலி டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. டப்பாவில் ஒட்டியிருக்கும் மருந்தும் காசு கொடுத்து வாங்கியதுதானே. பிறகு டப்பாவின் அடியில் குத்தித் துளை போட்டுவிட்டால், அதில் எண்ணெயோ மோரோ ஊற்றி வைக்க யாருக்கும் தோன்றாது. 1971-ம் வருடத்துப் பூச்சிக்கொல்லி விதிகளே காலி டப்பாவை வெளியில் போடக்கூடாது, உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. கடைக்காரர் இதைச் சொன்னபோது கொடிக்கால்காரர் சிரித்தார். “நீங்க வித்துக்கிட்டு, இத்தன வருஷமா சொல்லாம இப்ப பசங்களுக்குச் சொல்றீங்களேண்ணே” என்றார். கடைக்காரரிடம் அதற்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து மருந்து டப்பாவைப் பையன்கள் தொடுவதில்லை. ஆசிரியரும் ஓய்வு பெற்றவரும் மட்டும் தடித்த ரப்பர் உறை போட்டு, மூடி கழன்றதைத் தனி வாளியில் எடுக்கிறார்கள்.

ஆயாவிடம் பையன்கள் கற்றது இன்னும் உண்டு. சித்திரையில் ஒருநாள் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்திக்கொண்டே இருந்தது. கூழாங்கல் நடுவில் அது இட்ட முட்டைகள், கல்லோடு கல்லாய், கறுப்புப் புள்ளி தெளித்த மண் நிறத்தில் இருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். “அது கத்துனா நீ நிக்கணும். இன்னும் கத்துனா திரும்பிப் போவணும்” என்றார் ஆயா. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அந்தக் கூழாங்கல் திட்டுப் பக்கம் யாரும் ஓடுவதில்லை, அங்கே கிடக்கும் நாலு பாட்டிலும் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சருகுக் குவியலைக் கொளுத்தும் பழக்கமும் அதே மாதத்தில் நின்றது. உள்ளே சிக்கிய பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்து அடிக்கும் நெடி ஒருபுறம். நாணலில் தீ பிடித்தால் கொடிக்கால் வரை ஓடும் என்பது அதைவிடப் பெரிய கவலை.

படுகைக்கும் ஓட்டக்காரர்களுக்கும் இருந்த தூரத்தைக் குறைத்தது ஒரு மாடுதான்.

கரையோரம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வாழையும் இடையில் தர்பூசணியும் வைக்கும் ஒரு விவசாயி. மூன்று கலப்பினக் கறவை. அதில் நடு மாடு, வேளைக்கு ஆறு லிட்டர் கறந்துகொண்டிருந்தது, மூன்றுக்கு இறங்கியது. தீனி எடுக்கும், பாதியில் நிறுத்தும். அசை போடுவது குறைந்தது. இடது வயிறு ஊதும், மருந்து கொடுத்தால் வடியும், நாலு நாளில் மறுபடி ஊதும். வெற்றிலை, மிளகு, பூண்டு அரைத்துக் கொடுத்தார். சமையல் எண்ணெய் ஊற்றினார். பூச்சி மருந்து கொடுத்தார். ஒரு மாதம் ஓடியது. மாடு எலும்பாகிவிட்டது. கடைசியில் கால்நடை மருத்துவர் இடது விலாவில் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, பிசைந்த மாவு மாதிரி இருக்கிறது, உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது, திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார்.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்து இழுத்து, பெரிதாக மெல்லாமல் விழுங்கிவிடும். அப்புறம் சாவகாசமாக அசை போட்டு மெல்லும். ஆடு உதட்டால் தேர்ந்து பார்த்துக் கடிக்கும். மாட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. கவருக்குள் சோறு மிச்சமோ உப்பு வாசமோ இருந்தால் முடிச்சோடு உள்ளே போகும். முதல் வயிற்றில் நூறு லிட்டருக்கு மேல் இடம் இருப்பதால் ஒன்றிரண்டு கவர் போனால் வெளியே தெரியவே தெரியாது. அங்கிருந்து மூன்றாம் வயிற்றுக்குப் போகும் வாசல் சின்னது, நன்றாக அரைபட்டதுதான் போக முடியும். பிளாஸ்டிக் அரைபடாது, செரிக்காது, வெளியேறவும் செய்யாது. கயிறு உள்ளே போனால் இன்னும் மோசம். கவர்களையெல்லாம் சுற்றிக் கட்டி ஒரு பந்தாக்கிவிடும். ஊதலுக்குக் கொடுக்கும் எந்த மருந்தும் அந்தப் பந்தைக் கரைக்காது.

கம்பி, ஆணி போனால் வேறு கதை. அது கனத்தில் இறங்கி இரண்டாம் வயிற்றில் தங்கும். அந்த வயிறு இதயத்துக்குப் பக்கத்துவீடு. சுருங்கி விரியும்போது கம்பி முன்னால் குத்தி, உதரவிதானத்தையும் துளைத்து, இதய உறை வரை போய்விடும். முன்னங்கால் முட்டியை வெளியே அகட்டி நிற்பது, முதுகைக் கூனுவது, பள்ளத்தில் இறங்கத் தயங்குவது, தாடைக்கும் நெஞ்சுக்கும் கீழே நீர் கோத்துத் தொங்குவது எல்லாம் அதன் அறிகுறிகள். இவற்றைப் பார்த்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தக் கூடாது.

விவசாயியின் மாட்டுக்குக் கம்பி இல்லை, பந்துதான். நின்ற நிலையிலேயே மரத்துப்போக ஊசி போட்டு, இடது விலாவைத் திறந்து, மருத்துவர் தோள் வரை கையை விட்டு எடுத்தார். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு உரச் சாக்கு நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால், மாட்டைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்த பையன்கள் நாலு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் அந்தச் சாக்கைக் கொட்டிப் பார்த்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். மளிகைக் கவர், பால் உறை, வாழைக்குக் கட்டும் மஞ்சள் நைலான் கயிறு, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளி-கறுப்பு ஷீட் துண்டுகள்.

விவசாயி அந்த ஷீட் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. கரையோரம் அந்த ஷீட் போடுகிறவர்கள் நாலு பேர். அவரும் ஒருவர். யார் வயலிலிருந்து பறந்தது என்று எந்தத் துண்டிலும் எழுதியிருக்காது. “சீசன் முடிஞ்சு உருவி வரப்புல போட்டேன். மெல்லிசு ஷீட்டு, உருவும்போதே நார் நாராக் கிழிஞ்சுது. காத்து எடுத்துக்கிட்டுப் போச்சு. போகட்டும்னு விட்டேன்” என்றார். அதை அவர் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பையன்கள் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

மாடு பிழைத்தது. தையல் பிரித்து ஒரு மாதம் கழித்து வேளைக்கு நாலரை லிட்டர் வரை ஏறியது. ஆறு லிட்டர் திரும்பவில்லை.

இதற்குப் பிறகு டீக்கடையில் நடந்த பேச்சு நேர்க்கோட்டில் போகவில்லை. ஷீட் போடாமல் களை எடுக்க ஆளுக்கு எங்கே போவது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கூலி கொடுத்தாலும் வர ஆள் இல்லை. வைக்கோல் மூடாக்குப் போடலாமே என்றார் ஆசிரியர். வைக்கோல் விலை தெரியுமா சார் என்று பதில் வந்தது. மஞ்சள் நைலானுக்குப் பதில் வாழை நாரையே முறுக்கிக் கட்டலாம், அந்தக் காலத்தில் அதுதானே என்று ஆயா சொன்னார். தாருக்குத் தாங்குமா என்று வாதம் கிளம்பியது. பக்கக் கட்டுக்குத் தாங்கும், முட்டுக்குத் தாங்காது என்று முடிந்தது. கொஞ்சம் கனமான ஷீட் வாங்கினால் உருவும்போது முழுசாக வரும், இரண்டு பட்டம் பயன்படுத்தலாம் என்று தர்பூசணிக்காரர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் செலவு கூடும். அந்த முதல் செலவு குத்தகைக்காரருக்குக் கூடாது. அவருக்கு அடுத்த வருடம் அந்த நிலம் இருக்குமா என்பதே தெரியாது.

கடைசியில் ஒப்புக்கொண்டது சின்ன விஷயம்தான். உருவிய ஷீட், கயிறு, சொட்டுநீர்க் குழாய் மூன்றையும் வரப்பில் போடாமல், விவசாயியின் மோட்டார் ரூம் பின்னால் ஒரு தகரத் தடுப்புக்குள் போடுவது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரர்கள் அதைப் பிரித்துக் கட்டுவார்கள். குழாயைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். தண்ணீர் பாட்டிலையும் எடுக்கிறார். மற்ற உறைகளை ஊராட்சியின் தூய்மைக் காவலர்களிடம் கொடுத்துவிடலாம். அந்த அம்மாமார்கள் இருவரும் இப்போது ஓட்டக்காரர்களைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கும் கோபம் இருந்தது. தெருக் குப்பையைத் தள்ளுவண்டியில் இழுக்கவே நேரம் பத்தாதபோது, படுகைக் குப்பை இருபது சாக்கைத் திடீரென்று கொண்டுவந்து முன்னால் வைத்தால் வராதா? இப்போது வாரத்துக்கு ஐந்து சாக்குக்கு மேல் கொடுப்பதில்லை, பிரித்துத்தான் கொடுப்பது என்று ஏற்பாடு.

மண் ஒட்டிய ஷீட்டை மட்டும் யாரும் வாங்குவதில்லை. கழுவிக் கொண்டுவா என்கிறார்கள். அத்தனை ஷீட்டைக் கழுவ எந்தத் தண்ணீரை விடுவது? அது மோட்டார் ரூம் பின்னால் தார்ப்பாயால் மூடி, மேலே கல் வைத்து, ஆள் உயரத்துக்குச் சேர்ந்திருக்கிறது. வேளாண்மை அலுவலர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

மே மாதக் கடைசியில் ஓட்டக்காரர்களுக்கு அவசரம் கூடிவிடும். மேட்டூர் திறந்து தண்ணீர் இறங்கினால், அன்று வரை பொறுக்காமல் விட்டது எல்லாம் முக்கொம்பு, கல்லணை என்று போய், எங்கோ ஒரு மதகில் அடைத்து, இன்னொரு ஊர்ப் படுகையில் ஒதுங்கும். அதனால் அந்த இரண்டு வாரம் மட்டும் தினமும் வருகிறார்கள். தேர்வு தேதி அறிவித்துவிட்டதால் பையன்கள் ஓடுவதும் பொறுக்குவதும் இரண்டும் நடக்கிறது. குதிகாலில் தையல் போட்டவன் இப்போது ஆறே முக்கால் நிமிடத்தில் ஓடுகிறான். அவனுக்குச் சாக்கு கொடுக்க வேண்டாம், ஓட மட்டும் விடுங்கள் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அவன் கேட்பதில்லை.

ஆயாவுக்கு வேறு கணக்கு. வெள்ளம் வந்தால் ஆட்டை எங்கே கட்டுவது என்பது ஒன்று. தன்னிடம் இருந்து வாங்கிப்போன நாலு உரச் சாக்கைப் பையன்கள் இன்னும் திருப்பித் தரவில்லை என்பது இன்னொன்று. “ஆளுக்கொரு சாக்கு வாங்கிட்டு வாங்கடா, போலீஸ்காரனுங்களா” என்று கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். ஒருவன் திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டிவிட்டு நாணல் பக்கம் ஓடினான்.